வந்தால் கூட்டு, போனால் கழி

ஒரு பெண் சரியாகச் செய்து வைத்திருந்த வேலையை நான் குறட்டால் திருகி உடைத்தேன். உடைந்த துண்டை மேசைமேல் வைத்து, இதுதான் பழுது என்று அறிக்கை எழுதினேன். அந்த அறிக்கையைக் காட்டி அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். உண்மையான பழுது எங்கே என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். அது என் கணக்கில் இருந்தது. கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் நான் கூட்டல் குறி போட்டிருந்தேன்.

எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. செங்கல்பட்டில் இருக்கிறேன். இதைச் சொல்ல ஏழு வருடம் ஆனதற்குத் தனியாகக் காரணம் எதுவும் இல்லை. சொல்லாமல் இருக்க முடிந்தது, இருந்தேன்.

திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு பொறியியல் கல்லூரி. அதில் மின்னணுவியல் துறைக்குத் தலைவனாக இருந்தேன். அங்கும் அதற்கு முன் வேறு இடங்களிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். நான் நடத்தியதில் பிள்ளைகள் மறக்காமல் வைத்திருந்தது டாப்ளர் விளைவு ஒன்றைத்தான். நம்மை நோக்கி வருகிற பொருளிலிருந்து கிளம்பும் அலையின் அதிர்வெண் கூடித் தெரியும், விலகிப் போகும்போது குறைந்து தெரியும். அதற்கு நான் ஒரு வாய்பாடு வைத்திருந்தேன்: வந்தால் கூட்டு, போனால் கழி. வகுப்பு முழுவதையும் சேர்ந்து சொல்ல வைப்பேன். அதனால் எனக்குப் பெயரே 'கூட்டு சார்' என்று ஆகிவிட்டது. கேன்டீனில் கூட்டு வைக்கிற நாளில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. உள்ளுக்குள் பெருமைதான்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, மேற்கு மாவட்டத்துக் கல்லூரி ஒன்று மாணவர்களை வைத்து ஒரு சின்னச் செயற்கைக்கோள் செய்து விண்ணுக்கு அனுப்பியது. பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். அதற்குக் கட்டளை அனுப்பவும் அது சொல்வதைக் கேட்கவும் கிழக்குக் கரையில் ஒரு தரைநிலையம் வேண்டியிருந்தது. எங்கள் கல்லூரி மொட்டைமாடியில் அதை அமைத்தோம். திட்டத்துக்கு நான் பொறுப்பு. கணினி நிரலில் அதிர்வெண்ணைத் திருத்தும் பகுதியை யாரிடமும் கொடுக்காமல் நானே எழுதினேன்.

மாடியில் ஆன்டெனாவை ஏற்றியது, கேபிள் இழுத்தது, முனைகளைப் பற்றவைத்து இணைப்பி பொருத்தியது எல்லாம் எங்கள் ஆய்வக உதவியாளராக இருந்த அந்தப் பெண். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். மின்னணுவியலில் டிப்ளமோ படித்தவர். அவருடைய அம்மா அந்தப் பக்கத்து வயல்களில் நடவு நட்டவர். அந்த வயல்கள் சிலவற்றின் மேல்தான் எங்கள் கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

செயற்கைக்கோள் தினமும் விடிந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எங்கள் தலைக்கு மேல் போகும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம். காலையில் தெற்கே கல்பாக்கம் பக்கம் அடிவானத்தில் எழுந்து, உச்சிக்கு வந்து, வடக்கே சென்னைப் பக்கம் இறங்கும்; சாயங்காலம் அதற்கு எதிர்த்திசையில். அந்தப் பத்து நிமிடமும் அது பேசுவது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. நாங்கள் அனுப்பும் கட்டளை மட்டும் அதற்குக் கேட்கவில்லை. சரியாகச் சொன்னால், உச்சியில் இருக்கும் ஏறக்குறைய ஒரு நிமிடம் மட்டும் கேட்டது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு நிமிடத்தில் அனுப்பி முடிகிற கட்டளைகள் இல்லை அவை.

சவுக்குத் தோப்பு மறைக்கிறது என்றேன். புதிதாக எழுந்த அடுக்குமாடி மறைக்கிறது என்றேன். கடைசியில், ஆன்டெனா தாழ்ந்து திரும்பும்போது கேபிள் இழுபட்டு இணைப்பு விட்டுவிடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"கேபிள் கெட்டிருந்தா கேக்கறதும் கெடணுமே சார்," என்றார் அந்தப் பெண். "ரெண்டுக்கும் ஒரே கேபிள்தானே. கேக்கறது முழுசா கேக்குதே."

அறையில் இரண்டு இளம் விரிவுரையாளர்கள் இருந்தார்கள். அவர் கையில் இருந்த துண்டுச் சீட்டை என் மேசையில் வைத்தார். பென்சிலில் ஒரு வரி: அனுப்பும்போது வந்தால் கழி, போனால் கூட்டு.

"இது என்னம்மா?"

"அது நம்மகிட்ட வரப்போ அதோட சத்தம் நமக்கு ஏறி கேக்குது. அதே மாதிரி நாம பேசறதும் அதுக்கு ஏறித்தானே சார் கேக்கும்? அதோட காதும் நம்மகிட்டதானே வந்துகினு கீது. அப்ப நாம எறக்கி இல்ல பேசணும். நீங்க ஏத்தி வச்சிகினு கீறீங்க."

இதைவிடத் தெளிவாக அந்தப் பாடத்தை நான் ஒருநாளும் நடத்தியதில்லை. அன்று அதை நான் கேட்கக்கூட இல்லை. அந்தச் சீட்டில் இருந்தது என் வாய்பாட்டைத் தலைகீழாக்கிய வரி. அவ்வளவுதான் கண்ணில் பட்டது.

"கூட்டு, பொரியல் எல்லாம் வீட்டுல போய்ப் பண்ணும்மா," என்றேன். "இங்க சால்டரிங் ஒழுங்காப் பண்ணு, போதும்."

விரிவுரையாளர்கள் சிரித்தார்கள். அவரும் ஒப்புக்குச் சிரித்தார். சீட்டை எடுத்து மடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்தேன். கட்டளை கேட்ட அந்த ஒரு நிமிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தவறிய நேரம் ஒரே அளவாக இருந்தது. கேபிள் இழுபட்டால் அப்படி இருக்காது. ஒரு பக்கம்தான் அதிகம் இழுக்கும். ஒரு தாளை எடுத்து, என்னை அந்தச் செயற்கைக்கோளில் உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தரையிலிருந்து வரும் அலையும் அதற்குக் கூடித்தான் தெரியும். ஆகவே அனுப்பும்போது அந்த அளவைக் கழித்து அனுப்ப வேண்டும். நான் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தேன். அதனால் அந்தப் பத்து நிமிடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பிழை இரட்டிப்பாகி, அதன் காது திறந்திருக்கும் இடத்திலிருந்து இருபது கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் பேசிக்கொண்டிருந்தோம். உச்சியில் அது வரவும் இல்லை, போகவும் இல்லை. கூட்டினாலும் கழித்தாலும் ஒன்றுதான். அதனால் அங்கே மட்டும் கேட்டது.

அவர் சீட்டில் எழுதியிருந்த வரியைத்தான் நான் என் தாளில் கடைசி வரியாக எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை போய் ஒரே ஒரு குறியை மாற்றியிருக்கலாம். மாற்றினால் அன்று சாயங்காலமே வேலை செய்யும். ஏன் செய்தது என்று அந்த இரண்டு விரிவுரையாளர்களும் நிரலைத் திறந்து பார்ப்பார்கள். மாற்றவில்லை. ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் மேற்கு மாவட்டத்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வேறு ஊரில் ஒரு தரைநிலையம் ஏற்பாடாகிவிட்டது, இதுவரை உதவியதற்கு நன்றி.

தாளாளர் கூப்பிட்டார். செய்தித்தாளில் படம் வந்த திட்டம் அது. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"யாரால சார் போச்சு?"

எதனால் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அதுவும் சாக்குதான். சனிக்கிழமைக்குள் அறிக்கை தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஒரு குறடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஆன்டெனா கேபிளின் இணைப்பி ஒரே திருகில் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. இரண்டாவது திருகில் கை வழுக்கியது. கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்து, மூன்றாவது தடவை உடம்பு முழுவதையும் கொடுத்துத் திருகியதில்தான் முனை பிய்ந்தது. அவ்வளவு நன்றாகப் பற்றவைத்திருந்தார். அதிகத் திறனில் அனுப்பும்போது மட்டும் இணைப்பு சூடேறி விலகியிருக்கிறது, ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவு என்று எழுதினேன். கேட்பது மட்டும் எப்படி நன்றாக இருந்தது என்ற கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. நல்ல அறிக்கை. படித்தவன் எழுதியது.

அவரைத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டு அந்தத் துண்டைக் காட்டினார்கள். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் இழுத்துப் பாத்தன் சார். ரெண்டு தடவ இழுத்துப் பாத்தன்."

"இழுத்ததுலதான் பிஞ்சுதோ என்னவோ," என்றார் தாளாளர். அவர் சொன்ன நகைச்சுவைக்கு அவரே சிரித்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

அவருக்குக் கொடுத்த அனுபவச் சான்றிதழில் கடைசி வரி, பணியில் கவனக்குறைவு காரணமாக விடுவிக்கப்பட்டார் என்று இருந்தது. அப்படி ஒரு வரியோடு சான்றிதழ் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் ஒன்று.

இரண்டு வருடம் கழித்து மாலை போட்டு, சால்வை போர்த்தி என்னை வழியனுப்பினார்கள். துறை நடைவழியில் என் படத்தை மாட்டினார்கள். படத்துக்குக் கீழே அந்த வாய்பாட்டையும் எழுதி வைத்தார்கள்.

போன ஆவணியில் என் கைப்பேசி சார்ஜ் ஏறாமல் போனது. செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே வரிசையாகப் பழுதுபார்க்கும் கடைகள். ஒன்றில் நுழைந்தேன். முன்னால் முதலாளி. உள்ளே விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்த மேசையில் குனிந்தபடி ஒரு பெண்.

"அக்கா, கஸ்டமரு நின்னுகினு கீறாங்க. ஒரு சார்ஜர் பின்ன வச்சிகினு எவ்ளோ நேரம் தடவிகினு இருப்ப?" என்றான் முதலாளி.

"இரு. இழுத்துப் பாத்துகினு குடுக்கறன்."

"மூணாவது தபா இழுக்குற. கொழந்த பெத்துக்கறதுக்குக்கூட இம்மா நேரம் ஆவாது."

"நீ பெத்துப் பாத்தியா?"

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் நிமிர்ந்தபோது யார் என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"வாங்க சார்," என்றார். "இன்னா ஆச்சு போனுக்கு?"

வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பத்து நிமிடம் அந்த இணைப்பை ஊசிமுனையால் நெம்பி நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி என் பக்கம் சாய்ந்து, "அக்கா கை சுத்தம் சார். ஆனா அதுக்கே அது கை மேல நம்பிக்க கெடையாது. முன்ன எங்கியோ ஒண்ணு கழண்டுகிச்சாம். அதுலேர்ந்து இப்டி. இன்னொருத்தன் நாலு போன் முடிக்கிற நேரத்துல இது ஒண்ணு முடிக்குது. ஒரே பேஜாரு," என்றான்.

"அத்த இன்னாத்துக்கு இப்ப அவராண்ட சொல்ற?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அவருடைய வேலையை மட்டும்தான் பறித்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த உடைந்த துண்டை அவர் நம்பிவிட்டார் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. ஏழு வருடமாகத் தன் கையைத் தானே சந்தேகித்துக்கொண்டிருக்கிறார்.

நான்கு நாள் கழித்து மறுபடி போனேன். பக்கத்து டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்து, குறியைப் பற்றியும் குறடு பற்றியும் சொன்னேன். "நீங்கள்" போட்டுப் பேசினேன்.

"இன்னா சார் புச்சா நீங்க, வாங்கன்னு," என்றார். பிறகு டீ கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். டீ ஆடை கட்டிவிட்டது.

"குறட்டாலயா?"

"ஆமாம்."

"எத்தினி திருகு?"

"மூணு."

"மொதல்ல வரல?"

"வரலை."

"அதான பாத்தன்," என்றார். முகத்தில் ஒரு நொடி வேறு ஏதோ வந்து போனது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. கத்தவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளர் வேலைக்கு இரண்டு தடவை தேர்வு எழுதித் தேறியும், அந்த ஒரு வரியைப் பார்த்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பிக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அடுத்த தடவை எடுக்கும்போது தனக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும்.

"நீங்க எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாம் சார். அந்த வரிய எடுத்துக் குடுங்க. நீங்க எழுதனதுதான. நீங்களே எடுங்க."

ஐந்து வாரம் தாராளம் என்று நினைத்தேன். ஒரு கையெழுத்தில் அனுப்பியதை ஒரு கையெழுத்தில் திருப்பிவிடலாம் என்று.

நடந்ததையெல்லாம் மூன்று பக்கம் எழுதிக் கல்லூரிக்கு அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. நேரில் போனேன். வாசலில் காவலாளி புது ஆள்.

"யார பாக்கணும் பெருசு? பேரனுக்கு அட்மிஷனா? அதெல்லாம் முடிஞ்சிட்சே."

நான் இங்கே துறைத்தலைவனாக இருந்தவன் என்றேன். "இருந்தவங்கதான் எல்லாரும்," என்று பதிவேட்டை நீட்டினான். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், சொந்த வேலை என்று எழுதினேன்.

பழைய தாளாளர் இப்போது இல்லை, அவர் மகன் நடத்துகிறார். முதல்வர் புதியவர். ஒருகாலத்தில் என் மாணவர். எழுந்து நின்று வரவேற்று, மோர் வரவழைத்துக் கொடுத்தார். கடிதம் மேசைமேல்தான் இருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தம்மா உங்கள ஏதாவது தொந்தரவு பண்றாங்களா?"

இல்லை என்றேன்.

"வீட்டுக்கு வந்து எழுதி வாங்கினாங்களா?"

"நானே எழுதினேன். என் கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா?"

"கையெழுத்து உங்களுதுதான் சார். விஷயம்தான் உங்களுது மாதிரி இல்ல. டாப்ளர்ல நீங்க குறிய மாத்திப் போட்டீங்கன்னு சொன்னா யார் நம்புவாங்க? நான் உங்ககிட்ட படிச்சவன் சார்." நடைவழியில் மாட்டியிருக்கும் என் படத்தின் பக்கம் கையைக் காட்டினார். "வந்தால் கூட்டுன்னு இன்னிக்கும் பசங்க சொல்லிட்டுத் திரியறாங்க."

"அந்த வாய்பாடுதாம்பா தப்பு. பாதிதான் சரி. கேக்கறதுக்கு மட்டும்தான் சரி."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை குறையவில்லை. அந்த மரியாதையோடு எப்படி மோதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நான் எவ்வளவு விளக்கினேனோ அவ்வளவுக்கு அவர் முகத்தில் இரக்கம் கூடியது. வெளியே வந்து பேருந்து ஏறுவதற்குள் பெங்களூரிலிருந்து என் மகன் கூப்பிட்டுவிட்டான். முதல்வர் அவனிடம் பேசியிருக்கிறார்.

"அப்பா, ஒரு நியூராலஜிஸ்ட்ட காட்டிடலாமா? சும்மா ஒரு செக்கப்தான்."

பொய்யை ஒரே நாளில் நம்பினார்கள். உண்மையைச் சொல்ல வந்தபோது எனக்கு மறதி நோய் என்று முடிவு கட்டினார்கள். என் மனநிலை நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் ஒரு தாள் கொடுத்தால் கடிதத்தை நிர்வாகக் குழுவில் வைப்பதாக முதல்வர் என் மகனிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரு சான்றிதழ் வாங்கித் தர முதலில் எனக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. மருத்துவர் முன் உட்கார்ந்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொன்னேன். கடிகாரம் வரைந்து காட்டினேன். இதில் இரண்டு வாரம் போனது.

ஆதாரத்துக்காக மேற்கு மாவட்டத்துக் கல்லூரிக்கும் மின்னஞ்சல் எழுதினேன். அந்தத் திட்டத்தை நடத்திய பேராசிரியர் அன்றே பதில் போட்டார். குறி மாறியிருக்கிறது என்பது செயற்கைக்கோள் அனுப்பிய பதிவைப் பார்த்தபோதே தங்களுக்குத் தெரிந்துவிட்டது, உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மதிப்புக் கொடுத்துச் சொல்லாமல் விட்டோம் என்று எழுதியிருந்தார். அதனால் ஒருவருக்கு வேலை போனது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைக் கேட்டு வருந்தியிருந்தார்.

அதை அச்செடுத்துக் கடைக்குக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஊர்ல எல்லார்க்கும் தெரிஞ்சிருக்குது. எனக்குத்தான் யாரும் சொல்லல."

நிர்வாகக் குழு கூடும் நாளில் எங்கள் இரண்டு பேரையும் வரச்சொன்னார்கள். குறி விஷயத்தை ஒப்புக்கொண்டார்கள். மின்னஞ்சல் இருந்ததே. குறடு விஷயத்தை எழுத்தில் கொண்டுவர மறுத்துவிட்டார்கள். கோப்பில் அப்படி ஒரு வரி ஏறினால் தர ஆய்வுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார் இளைய தாளாளர். என் படத்தையாவது கழற்றுங்கள் என்று கேட்டேன். அது நாகரிகம் இல்லை என்றார்கள். கவனக்குறைவு என்ற வரி இல்லாமல் புதுச் சான்றிதழ் தர மட்டும் சம்மதித்தார்கள். எப்போது என்று அந்தப் பெண் கேட்டார்.

"அடுத்த வாரம் வாங்கம்மா. முத்திரை வைக்கிறவர் லீவு."

விண்ணப்பம் முடிய நான்கு நாள்தான் இருக்கிறது என்றார். பார்க்கலாம் என்றார்கள். நான் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒரு நாள் முதல்வர் வெளியூர். ஒரு நாள் அச்சுப்பொறி பழுது. ஒரு நாள் எடுத்தவர், "சார், தபால்ல அனுப்பிட்டோம்," என்றார். அனுப்பவில்லை. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை வரச்சொல்லிக் கையில் கொடுத்தார்கள்.

அந்தச் செவ்வாயன்று அவரும் நானும் கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் செங்கல்பட்டு பேருந்துக்காக நின்றோம். வெயில். நிழற்குடை இருந்த இடத்தில் சாலை அகலப்படுத்தக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். அவர் உறையிலிருந்து சான்றிதழை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். கடைசி வரி, நடத்தை திருப்திகரம் என்று இருந்தது. கல்பாக்கத்துக்குப் போய் நான் நேரில் பேசிப் பார்க்கிறேன், நாலு நாள்தானே தாமதம் என்றேன்.

"வேணாம் சார். நீங்க பேசினா அவங்க உங்களுக்கு மோர் குடுப்பாங்க. எனக்கு இன்னா?"

சான்றிதழை உறைக்குள் வைத்து, பையில் போட்டு, ஜிப்பை இழுத்தார். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கேட்டார்.

"குறி தப்புன்னு உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சிது?"

"ஞாயித்துக்கெழமை. நீங்க சீட்டு குடுத்த அந்த வாரமே."

"அதுக்கப்புறம் ஸ்டேஷன் எத்தினி நாள் ஓடிச்சி?"

"ஒன்பது நாள்."

"அந்த ஒம்போது நாளும் மாத்தாமலே அனுப்பிகினு இருந்தீங்களா?"

ஆமாம் என்றேன். மாற்றாமல் விட்டதைக் கடிதத்தில்கூட நான் ஒரு வரியாகத்தான் எழுதியிருந்தேன், நாள் எண்ணி எழுதவில்லை. அதை ஒரு குற்றமாக நான் எண்ணியதே இல்லை. பொய் அறிக்கை குற்றம். குறடு எடுத்தது குற்றம். அந்த ஒன்பது நாளில் நான் எதுவும் செய்யவில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான் என்று வைத்திருந்தேன்.

"காலைல அஞ்சு மணிக்கு வருவன் சார் நானு. ஷேர் ஆட்டோ இருக்காது, வூட்டுக்காரர் வண்டில கொண்டாந்து வுட்டுட்டு போவாரு. பொண்ணுக்கு அப்ப அம்மை போட்டிருந்துச்சி. பக்கத்து வூட்ல வுட்டுட்டு வருவன். மாடில நின்னுகினு, இன்னிக்காச்சும் கேக்கும், இன்னிக்காச்சும் கேக்கும்னு ஆன்டெனா திரும்பறப்ப கேபிள கையால புடிச்சி இழுபடாம வச்சிகினு நிப்பன். கேக்காதுன்னு தெரிஞ்சே கீழ உக்காந்துகினு இருந்தீங்களா?"

தலையை அசைத்தேன். குழந்தைக்கு அம்மை என்று அப்போது அவர் சொல்லவில்லையா, சொல்லி நான் காதில் வாங்கவில்லையா என்று இப்போதும் தெரியவில்லை.

"வேல போனதுகூட போவட்டும் சார்," என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து வருகிற பக்கம் திரும்பி நின்றார்.

பேருந்து வந்தது. முன்பக்கப் படியில் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். நான் பின்பக்கப் படியருகே போய் நின்றேன். ஏறினால் செங்கல்பட்டு வரை அவரோடு ஒரே வண்டியில் போக வேண்டும்.

"பெருசு, ஏறுறியா இல்லியா? டைம் ஆவுது," என்றார் நடத்துநர்.

இல்லை என்றேன். விசில் அடித்தார். அடுத்த வண்டி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதில் உட்கார இடம் இல்லை.